ரசீதின் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது: வீட்டு வரி பற்றி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

காவிரிப் பக்கத்து ஊர் ஒன்றில், நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்தொன்பது வருடமாகிறது. மனு எழுதிக் கொடுப்பது, ஃபாரம் நிரப்புவது, கடந்த சில வருடங்களாக ஆன்லைனில் வீட்டு வரியும் தண்ணி வரியும் கட்டிக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. வருடத்தில் இரண்டு மாதம் கடையில் நிற்க இடமிருக்காது: ஏப்ரல், அக்டோபர். அரையாண்டு தொடங்கி முப்பது நாளுக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகையாகக் கழியும். அந்தக் கழிவுக்காக ஊரே வந்துவிடும். வரி கட்ட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டு யாரும் என் கடைப் படி ஏறியதில்லை. பழைய ரசீதை நீட்டுவார்கள். வரிவிதிப்பு எண்ணைத் தட்டுவேன். திரையில் தொகை வரும். படித்துச் சொல்வேன். உடனே அநேகமாக எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

“இது எப்படிம்மா வந்துச்சு?”

ரசீதைப் பார்த்து இதற்கு என்னால் ஒரு தடவைகூடப் பதில் சொல்ல முடிந்ததில்லை. எங்கள் ஊர் ரசீதில் பெயர் இருக்கிறது. கதவு எண், தெரு, வார்டு, எந்த அரையாண்டு, எவ்வளவு நிலுவை எல்லாம் இருக்கிறது. எத்தனை சதுர அடிக்கு, என்ன மதிப்பில், என்ன கழிவு போக இந்தத் தொகை வந்தது என்பது மட்டும் இல்லை. அதையும் சேர்த்து அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். வரியைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை.

ஒரு வீட்டை வைத்துச் சொல்கிறேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா இட்லி மாவு அரைத்து விற்கிறார். கணவர் இல்லை. அவர் கட்டி வைத்துவிட்டுப் போன ஒரே சொத்து அந்த வீடு. 2022-க்கு முன் அரையாண்டுக்கு 840 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தார். உயர்வுக்குப் பிறகு 1,470 வந்தது. “கவர்மென்ட் ஏத்தியிருக்குக்கா” என்றேன். அவர் விடவில்லை. “ஏத்தட்டும், வேணாங்கல. பக்கத்து வீடும் இதே சைஸ்தான். அவங்களுக்கு ஒண்ணுக்கு ஒண்ணரையா ஏறியிருக்கு. எனக்கு மட்டும் ஏன் முக்கால் பங்கு ஏறுச்சு?” என்று கேட்டார். மாவு விற்கிறவருக்குக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. எனக்குத்தான் விளங்கவில்லை.

அந்த வருடத்து உயர்வு எப்படி வந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2022 பிப்ரவரி 19-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். மார்ச் 2-ஆம் தேதி நீங்கள் பதவியேற்றீர்கள். சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் முதல் தேதி, சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. சென்னை தவிர்த்த ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம், அதற்கு மேல் 100 சதவீதம். மாநகராட்சி விரிவாவதற்கு முன்பே சென்னையில் இருந்த பழைய பகுதிகளுக்கு இது 50, 75, 100, 150 என்று போனது. சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் ஏற்றியதில் எனக்கு உடன்பாடுதான். ஆனால் இப்படிப் படி வைத்து ஏற்றும்போது ஒரு சதுர அடிக்குக்கூட விலை வந்துவிடுகிறது. 1,200 சதுர அடி என்றால் ஒன்றரை மடங்கு. 1,201 என்றால் ஒன்றே முக்கால். விரித்து வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் ஏறக்குறைய ஒரு சதுர அடி வரும். அந்த அளவு இடத்துக்காக மொத்த வீட்டின் வரியும் மேல்படிக்கு ஏறிவிடுகிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் தம்பி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டை அளந்தோம். டேப்பின் ஒரு நுனியை அக்காவும் மறுநுனியை அந்தத் தம்பியும் பிடிக்க, நான் எழுதிக்கொண்டேன். சுவருக்கு வெளிப்பக்கம் பிடித்துத்தான் அளக்க வேண்டும், உள்ளே அளந்தால் தளப்பரப்பு ஆகாது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 36 அடிக்கு 33 அடி. 1,188 சதுர அடி.

மறுநாள் அலுவலகம் போனோம். முதல் நாள் சம்பந்தப்பட்டவர் ஃபீல்டில் இருந்தார். இரண்டாம் நாள் மீட்டிங். மூன்றாம் நாள் ஒரு வருவாய் உதவியாளர் உட்கார வைத்து, பதிவேட்டைத் திறந்து காட்டினார். நல்ல மனிதர். வீட்டின் பரப்பு 1,212 என்று எழுதியிருந்தது. கூடுதல் 24 சதுர அடி எங்கே என்று அக்கா யோசித்தார். சட்டென்று நினைவு வந்துவிட்டது. கொல்லையில் துவைக்கிற கல்லுக்கும் மோட்டாருக்கும் மேலே ஆறுக்கு நாலு சிமெண்ட் ஷீட் கொட்டகை ஒன்று இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயலில் பறந்துபோனது. ஷீட் போய் நாலு வருடம் கழித்து அதற்கு வரி ஏறியிருக்கிறது. அந்த 24 சதுர அடிக்கு மட்டும் ஏறியிருந்தால்கூடப் பரவாயில்லை. 1,200-ஐத் தாண்டிவிட்டதால் மொத்தத்துக்கும் 75 சதவீதம். அரையாண்டுக்கு 210 ரூபாய் கூடுதல். மனுவும் போட்டோவும் கொடுத்து, ஆள் வந்து பார்த்து, இரண்டு அரையாண்டு போன பிறகு 1,260 ஆனது. ஏற்கெனவே அதிகமாகக் கட்டிய பணம் நேர்செய்யப்படவில்லை.

அந்த அலுவலர் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்ட நாலு நிமிடம்தான் ஆனது. அந்த நாலு நிமிடத்துக்காக மூன்று நாள் மாவு வியாபாரம் போயிற்று. அந்தத் தாளில் இருந்ததெல்லாம் முதலிலேயே ரசீதில் இருந்திருந்தால், “1,212 எப்படி வந்துச்சு?” என்று அக்கா அன்றைக்கே கேட்டிருப்பார்.

ஜனங்களுக்கு இந்தக் கணக்கு புரியாது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். என் கடையில் எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன். வட்டிக் கணக்கும் சீட்டுக் கணக்கும் புரிகிறவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை. ஊரைத் தெருக்களின் வசதிப்படி பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் சதுர அடிக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று ஒரு அடிப்படை மதிப்பு உண்டு. கட்டடம் தளம் போட்டதா, ஓடா, ஷீட்டா என்று பார்ப்பார்கள். குடியிருப்பா, கடையா, தொழிற்கூடமா என்று பார்ப்பார்கள். தளப்பரப்பை அடிப்படை மதிப்பால் பெருக்கினால் மாத வாடகை மதிப்பு வரும். நீங்கள் கைநீட்டி வாங்கும் வாடகையை இது குறிக்காது. இந்தக் கட்டடத்தை வாடகைக்கு விட்டால் நியாயமாக என்ன போகும் என்று சட்டம் வைத்துக்கொள்ளும் தொகை இது. 1919-இல் வந்த சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-இல் வந்த மாவட்ட நகராட்சிகள் சட்டமும் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துத்தான் வீட்டு வரி போட்டன. வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குமுறை நூறு வருடம் தாண்டியும் நம் கையில் இருக்கிறது.

சென்னைக் கணக்கில் 10.92 என்று ஒரு எண் வரும். மாத வாடகை மதிப்பை 12-ஆல் பெருக்காமல் ஏன் 10.92-ஆல் பெருக்குகிறார்கள் என்று ஒருவர் கேட்டார். நானும் வெகுநாள் விழித்திருக்கிறேன். விஷயம் இதுதான். 1,000 சதுர அடி வீடு, சதுர அடிக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 2,000, வருடம் 24,000. இதில் பத்தில் ஒரு பங்கு, 2,400 ரூபாய், மனைக்கான மதிப்பு. மீதி 21,600 கட்டடத்துக்கு. கட்டடம் என்றால் வெள்ளையடிக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். அதற்காக அதில் 10 சதவீதம், 2,160 ரூபாய், கழித்துவிடுவார்கள். மனைக்குப் பழுதுபார்ப்பு கிடையாது, அதனால் அதில் கழிவும் கிடையாது. கூட்டினால் 21,840. 2,000-ஐ 10.92-ஆல் பெருக்கினாலும் அதேதான் வரும். இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். கேட்டவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். வீட்டைப் பழுது பார்ப்போம் என்பதைக்கூட யோசித்துச் சட்டம் கழிவு கொடுத்திருக்கிறது என்று தெரிந்ததில் அவருக்கு ஒரு நிம்மதி. வரி போடுகிறவர்கள் நம்மையும் நினைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் கட்டுகிறவர் மனசு கொஞ்சம் இளகும். கணக்கை மறைத்து வைத்து அந்த நல்ல பெயரையும் சேர்த்து இழக்கிறீர்கள்.

இதற்கு மேல் சொந்தக் குடியிருப்பா வாடகையா என்பதற்கு ஒரு கழிவு, கட்டடத்தின் வயதுக்கு ஒரு கழிவு. மிஞ்சுகிற ஆண்டு மதிப்பில் இத்தனை சதவீதம் வரி. அதோடு நூலக வரி, ரூபாய்க்கு 10 காசு. சுதந்திரம் வந்த மறுவருடமே, 1948-இல், விடுதலை பெற்ற இந்தியாவில் முதலாக நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது. ஊர் நூலகத்துக்குப் பணம் வீட்டு வரியோடு சேர்ந்து போகிறது என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு ஆச்சரியம். “நம்ம காசுலயா லைப்ரரி நடக்குது?” என்று ஒரு பெண் கேட்டார். பிள்ளையை அங்கே கூட்டிப் போகச் சொன்னேன்.

மின்வாரிய அட்டையை நினைத்துப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க வருகிறவர் வெள்ளை அட்டையில் போன ரீடிங், இந்த ரீடிங், யூனிட், தொகை என்று எழுதி வைத்துவிட்டுப் போவார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட மீட்டரையும் அட்டையையும் பேரப்பிள்ளையை வைத்துச் சரிபார்ப்பாள். முதல் 100 யூனிட் இலவசம் என்பதும் அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். கரண்ட் பில் அதிகம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. எப்படி வந்தது என்று தெரியாமல் நிற்கிறவர்கள் குறைவு. அதே வீட்டுக்கு அதே ஜனங்கள் கட்டுகிற வரிக்கு மட்டும் ஏன் அப்படியொரு அட்டை இல்லை?

கணக்கு தெரியாததால் வருகிற கஷ்டம் அதிக வரியோடு முடிவதில்லை. 2018 ஜூலையில் ஒருமுறை வரியை ஏற்றினார்கள். குடியிருப்புக்கு 50 சதவீதம் வரை, குடியிருப்பு அல்லாத கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை என்று வந்தது. ஜனங்கள் முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். 2019 நவம்பரில் அந்த உயர்வை நிறுத்திவைத்து, கட்டிய கூடுதல் தொகையைப் பின்னால் வரும் அரையாண்டுகளில் நேர்செய்வோம் என்றார்கள். அப்போது என் கடைக்கு வந்தவர்களின் ரசீதுகளில் ஒவ்வொரு அரையாண்டுக்கும் ஒவ்வொரு தொகை. ஒன்றில் பாதி, ஒன்றில் ஒன்றுமேயில்லை, அடுத்ததில் திடீரென்று பழைய தொகை. எது வரி, எது நேர்செய்தது என்று பிரித்துப் போடவில்லை. தன் பணம் திரும்பி வந்துவிட்டதா இல்லையா என்று இன்றைக்கு வரை தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். 2022 உயர்வு புதிதாக அளந்து போட்ட வரி கிடையாது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருந்த தொகையின் மேல் சதவீதம் வைத்து ஏற்றியது. அந்தப் பழைய தொகை சென்னையில் 1998 பொதுச் சீராய்விலும் மற்ற ஊர்களில் 2008 சீராய்விலும் நின்றுபோனது. அன்றைக்குச் சரியாக அளக்கப்பட்ட வீடு சரியாக ஏறியது. அன்றைக்குத் தப்பாக எழுதப்பட்ட வீடு அந்தத் தப்போடு சேர்ந்து ஏறியது. ஓட்டு வீடாக எழுதப்பட்டு, பிறகு இரண்டு மாடி எழும்பிய கட்டடம் ஓட்டு வீட்டு வரியின் மேல் ஒரு பங்கு சேர்த்துக் கட்டுகிறது. வாசல் அறையில் பெட்டிக்கடை வைத்து, கொரோனாவில் மூடிவிட்டு, இப்போது அங்கே கட்டில் போட்டுப் படுத்திருக்கிறவர் அந்த அறைக்கு இன்னமும் வணிகக் கட்டட வரி கட்டுகிறார். சென்னை தவிர்த்த ஊர்களில் 2022-இல் கடைகளுக்கு 100 சதவீதம் ஏறியது. அந்த நூறும் அவர் தலையில்தான். இரண்டு பேருக்குமே தங்கள் கட்டடம் ஏட்டில் என்னவென்று எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

இதோடு நிற்கவில்லை. மத்திய அரசு அமைத்த 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை நகரங்களுக்கு மானியம் கொடுக்க நிபந்தனை வைத்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வரி வசூலும் வளர வேண்டும் என்றது. அதைக் காட்டி ஆண்டுதோறும் உயர்வு என்கிற ஏற்பாடு வந்தது. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் 6 சதவீத உயர்வுக்குத் தீர்மானம் போட்டது. வேறு ஊர்களிலும் போட்டார்கள். 6 சதவீதம் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடாவருடம் அதன் மேலேயே ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் தொகை இரட்டிப்பாகிவிடும். அக்காவின் 24 சதுர அடித் தப்பு திருத்தப்படாமல் இருந்திருந்தால் அந்த 210 ரூபாயும் குட்டி போட்டுக்கொண்டே போயிருக்கும். கூடவே, தாமதமானால் மாதத்துக்கு 1 சதவீதம் அபராதம். இப்படி வருடந்தோறும் வளரப் போகிற வரிக்கு அடிக்கணக்கு சரியாக இருக்க வேண்டாமா? அதைச் சரிபார்க்க எங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்? ஒரு பில் கலெக்டர் ஆயிரக்கணக்கான கட்டடங்களைப் பார்க்கிறார். அவரால் எங்கள் கொல்லைக் கொட்டகை பறந்ததை அறிந்திருக்க முடியாது. எங்களுக்குத் தெரியும். ஏட்டில் அது இருக்கிறது என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்று முன்னாலேயே சொன்னேன். மறுபடியும் சொல்கிறேன். காலை ஐந்தரைக்குக் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருகிற அம்மாக்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்கு ஒழுங்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும், மழைத்தண்ணீர் வடிய வேண்டும். சென்னையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வரும் பணத்தை எதிர்பார்த்து நிற்காமல் ஊர் தன் காலில் நிற்க வீட்டு வரியை விட்டால் வேறு பெரிய வருமானம் கிடையாது. 1992-இல் 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்ததும், நகரங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். பதினாலு வருடம், சென்னையில் இருபத்துநாலு வருடம், வரியைத் தொடாமல் வைத்திருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றியதைவிட வருடந்தோறும் கொஞ்சம் ஏற்றுவது எவ்வளவோ மேல் என்பதுகூட என் எண்ணம். ஆனால் கணக்கைக் காட்டி ஏற்றுங்கள்.

கணக்கு இருட்டில் இருந்தால் அந்த இருட்டு யாருக்கு உதவும் என்பதை மதுரை மாநகராட்சியில் பார்த்தோம். அலுவலர்களின் பாஸ்வேர்டைப் பயன்படுத்திப் பெரிய வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துக் காட்டினார்கள் என்று புகார் எழுந்து, காவல்துறை வழக்குப் பதிந்து, கைதுகள் நடந்து, 2025 ஜூலையில் மண்டலத் தலைவர்களே பதவி விலகும் அளவுக்குப் போனது. வழக்கில் யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் சொல்லட்டும். எனக்கு அதில் உறைத்தது வேறு. அந்தத் தெருக்களில் தினமும் நடந்த ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்குக்கூட அந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வரி போட்டிருக்கிறார்கள் என்று தெரிய வழியில்லை. நாலு மாடிக் கட்டடத்தின் வாசலில் அதன் தளப்பரப்பும் வரியும் எழுதியிருந்தால், எதிரில் டீ குடிக்கிற ஒருவர் என்றைக்கோ கேட்டிருப்பார். கணினியில் ஒரு எண்ணை மாற்றுவது சுலபம். ஊர் அறிந்த எண்ணை மாற்றுவது கஷ்டம்.

இனி நான் கேட்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். அரையாண்டு கேட்பு அறிவிப்பிலும் ரசீதிலும் பின்பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அங்கே எட்டுக் குறிப்பு போதும். தளப்பரப்பு எவ்வளவு, ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக. கட்டடம் எந்த வகை. எந்த வருடம் கட்டியதாக ஏட்டில் இருக்கிறது. எந்தப் பகுதி, அந்தப் பகுதிக்கு அடிப்படை மதிப்பு என்ன. குடியிருப்பா, வணிகமா, சொந்தமா, வாடகையா. என்னென்ன கழிவு. வரி விகிதம் என்ன, அதில் நூலகத்துக்கு எவ்வளவு. போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் தொகை மாறியிருந்தால் எந்தத் தீர்மானத்தால் மாறியது. இவையெல்லாம் உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாவிட்டால் தொகையே வந்திருக்காது. சென்னை மாநகராட்சியின் இணையதளத்தில் தெருவாரியாக அடிப்படை மதிப்பைப் பார்க்கவும் வரியைக் கணக்கிட்டுப் பார்க்கவும் வசதி வைத்தார்கள். அங்கே முடிந்தது திருவாரூரிலும் தேனியிலும் ஏன் முடியாது? இணையதளம் பார்க்கத் தெரியாதவர் கைக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான் தாளில் கேட்கிறேன்.

அடுத்தது, பகுதி சபை. 2022-இல் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் விதி வந்தது. நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தில் முதன்முதலாகக் கூட்டினீர்கள். கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கும் ஒன்று வந்ததே என்று நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். சாக்கடை, தெருநாய், குடிதண்ணீர் எல்லாம் பேசினோம். வரி பற்றி ஒருவரும் வாயெடுக்கவில்லை, கையில் கணக்கு இல்லாதபோது என்ன பேசுவது? வருடத்தில் ஒரு கூட்டத்தில் அந்தப் பகுதியின் தெருக்கள் எந்த மதிப்பில் இருக்கின்றன என்று வாசியுங்கள். வணிகக் கட்டடங்களின் தளப்பரப்பையும் வரியையும் ஒரு பட்டியலாக அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். குடியிருப்புகளுக்குப் பெயர் போட வேண்டாம், அது அவரவர் வீட்டு விஷயம். கடைக்கும் மண்டபத்துக்கும் மறைக்க என்ன இருக்கிறது? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி முப்பது நாள் காத்திருந்து இதையெல்லாம் கேட்கலாம்தான். நானே எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் கேட்காமலே தாங்களாக வெளியிட வேண்டியவை எவை என்று அதே சட்டத்தின் நாலாம் பிரிவு சொல்கிறது. 2005-இலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது.

கணக்கைக் காட்டினால் மனுக்கள் குவியும், ஆள் போதாது என்பீர்கள். முதல் அரையாண்டில் குவியும், உண்மைதான். எல்லா மனுவும் வரியைக் குறைக்கச் சொல்லித்தான் வரும் என்று நினைக்காதீர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெயர் மாற்றத்துக்காக வந்தபோது, மாடி எடுத்து ஆறு வருடமாகியும் தன் வீடு ஏட்டில் தரைத்தளமாகவே இருப்பதைத் தெரிந்துகொண்டார். “மாடிக்கும் சேர்த்துப் போடச் சொல்லி ஒரு மனு எழுதும்மா” என்றார். எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஏட்டில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் காட்டினால் போதும்.

2022-இல் தமிழ்நாட்டு நகரங்களில் 12,838 வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தது. அத்தனை பேருக்கும் வீடு இருக்கும், சொந்தமோ வாடகையோ. உங்கள் பதவிக்காலத்தில் மீதி இருக்கும் கூட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள். அதில் உங்கள் வீடு எத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கிறதா என்று முன்னும் பின்னும் பாருங்கள். இல்லையென்றால் ஆணையரிடமோ, பேரூராட்சியாக இருந்தால் செயல் அலுவலரிடமோ, அங்கேயே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்.

அக்டோபர் முதல் வாரம் வருகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
நகராட்சி அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு பெண்